ஒன்பதாம் பாத்தி

கூட்டக் குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது.
கையெழுத்து வடிவென்று
கிருபைராசா என் பேரைச் சொல்ல
மற்றவர்கள் கையைத் தூக்கிவிட்டார்கள்.
அன்றிலிருந்து
காரைதீவுக்கும் நிந்தவூருக்கும் நடுவே
பழைய நெல் களஞ்சியத்தின் பின்வளவில்
யாருடைய பயற்றை யாருடைய கம்பில் ஏறியது
என்பதெல்லாம் என் எழுத்தில்.

மாசி மாதம்.
தீர்மானம் ஒன்று: தேன்பெட்டி இரண்டு வாங்குவது.
இரண்டு: எறும்புக்காக, பெட்டிக் கால்களை
எண்ணெய்த் தகரங்களில் நிறுத்துவது.
மூன்று: பூக்கிற நாளில் காலையில் மருந்தடிப்பவர்
ஐந்நூறு ரூபா கட்டுவது.
முதலில் கட்டியவர் கிருபைராசா.

அப்போது மரமுந்திரிகை பூத்திருந்தது.
கடற்கரைப் பக்கமிருந்து மாலையில் திரும்பும் தேனீக்கள்
பெட்டி வாசலில் தடுக்கி விழும்,
கலியாண வீட்டில் இரண்டு பந்தி உண்டவர்கள் போல.
சித்திரைக்கு ஏழு போத்தல்.
பதினாலு பாத்திக்கு ஏழு போத்தலைப் பிரிக்க
ஒரு முழுக் கூட்டம் போனது.
அரைப் போத்தல் என்றால் மேல் அரையா கீழ் அரையா என்று
கோமளேஸ்வரி கேட்டதை
நான் எழுதவில்லை.

மறுகா கச்சான் காற்று.
வயல்வெளி முழுக்கக் கடந்து
அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் வந்தது.
வெண்டி இலை மடங்கியது. பயற்றை பூவைக் கொட்டியது.
கிணற்றின் அடியில் வானம் ஒரு சிரட்டை அளவு.
ஒரு வியாழக்கிழமை
முதல் பெட்டி காலி.
சண்டையில்லை, சாவில்லை.
வதைகளை வெறுமையாய்த் தொங்கவிட்டுப் போய்விட்டன.
ஆதம்பாவா காக்கா பலகையில் காதை வைத்துக் கேட்டார்,
வெகுநேரம்.

இரண்டாம் பெட்டி போகவில்லை.
ஏனென்று எவரும் கேட்கவில்லை.
போனதற்குத்தானே நாங்கள் கூட்டம் போடுவோம்.

தீர்மானம் பதினொன்று:
ஒன்பதாம் பாத்தி மர்லியா
தங்கச்சியின் பேறுக்கென்று மாவனல்லை போனவர்,
நாற்பது நாள் நாலு மாதமாகிவிட்டது.
பாத்தி பற்றை பிடித்துக் கிடக்கிறது.
அடுத்த கூட்டத்துக்குள் துப்பரவாக்காவிட்டால்
காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்கு.
பன்னிரண்டு:
அந்தப் பாத்தியடியில் குழாய் மூட்டு ஒழுகுகிறது.
திருத்துவது நகுலனின் பொறுப்பு.

நகுலன் திருத்தவில்லை.

குறிப்பேட்டை மறந்து வைத்துவிட்டு
ஒரு நடுப்பகலில் எடுக்கப் போனேன்.
ஆளில்லாத தோட்டத்தில் ஒரு இரைச்சல்.
ஒழுகிய தண்ணீரில்
பிடுங்க ஆளில்லாத முள்ளங்கி இடுப்பளவு எழும்பி
வெள்ளையும் ஊதாவுமாய்;
கிள்ள ஆளில்லாத கொத்தமல்லி குடை விரித்து;
கடுகு; கசகசாச் செடி; பேர் தெரியாத ஒரு கொடி.
நாங்களோ பூக்க முன்னம் பிடுங்குகிற ஆட்கள்.
கால்களில் மஞ்சள் பொட்டலத்தோடு
ஒவ்வொன்றும் அங்கிருந்து நேரே
இரண்டாம் பெட்டிக்குப் போனது.

இதை எந்த இலக்கத்தின் கீழ் எழுதுவது?
வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொல்லலாம் என்றிருந்தேன்.

வியாழன் இரவு பஸ்ஸில் மர்லியா வந்திறங்கினாள்.
யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள்.
சுபஹுத் தொழுத கையோடு மண்வெட்டி எடுத்தவள்;
நான் போகும்போது முழங்கால்வரை சேறு,
பாத்தி கழுவிக் கவிழ்த்த கோப்பை.
"பாருங்க, ஒரு புல்லு இரிக்கா?"
வெட்கமும் வீம்புமாய்ச் சிரித்தாள்.
போனில் பிள்ளையின் படத்தைக் காட்டினாள்.
நல்ல வடிவு என்றேன்.
அதற்கு மேல் வாய் வரவில்லை.

மதிலோரம் குவித்த செடிகளில்
வாடும்வரைக்கும் இருந்தன.
பிறகு வெறும் பாத்திக்கு மேலே
இடுப்பளவு உயரத்தில்,
பூ இருந்த உயரத்தில்,
காற்றோடு மல்லுக்கட்டி நின்று தேடின.
நகுலன் அன்றைக்கென்று சாவியோடு வந்து
மூட்டை இறுக்கிவிட்டுப் போனான்.

கூட்டம் ஐந்து மணிக்கு.
பதினொன்று நிறைவேறியது. பன்னிரண்டு நிறைவேறியது.
கிருபைராசா கைதட்டினார்.
வேறு விடயம் ஏதுமுண்டா என்றபோது
பேனையை மூடி, திறந்து, மூடி,
என் முள்ளங்கியை இனி நான் பிடுங்கமாட்டேன் என்றேன்.
"ஏன்கா, வித்துக்கா?" என்றாள் கோமளேஸ்வரி.
ஓமென்றேன்.

அந்த மூட்டைக் கொஞ்சம் தளர்த்திவிடச் சொல்லி
நகுலனிடம் எப்படிக் கேட்பதென்றுதான்
இன்னும் தெரியவில்லை.